டீச்சரம்மாவுக்குத் தனியாக

பெலிண்டாவுக்கு எதைக் கண்டும் குமட்டியதில்லை. அதைத் தன் தகுதிகளில் ஒன்றாகவே அவள் வைத்திருந்தாள். ஆட்டின் சிறுகுடலை நீளவாக்கில் கீறி விரித்து, உள்சுவரில் படிந்திருக்கும் கோழையைக் கண்ணாடித் தகட்டின் விளிம்பால் அவள் வழித்தெடுக்கும் நாட்களில், அதே மாடியில் லேசர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்கள். துறைத்தலைவர் இன்னாசிராஜ் ஒவ்வொரு ஜூலையிலும் புது மாணவர்களை அவளுடைய ஆய்வகத்துக்கு அழைத்துவருவார். "பயப்படாதீங்க, இது ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்தான், மட்டன் கடை இல்ல" என்று வருடம் தவறாமல் அதே நகைச்சுவையைச் சொல்வார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெலிண்டாவும் சிரிப்பாள். உங்கள் தொண்டையிலும் வயிற்றிலும் கண்ணிலும் நீங்கள் பிறந்து வந்த வழியிலும் இதுதானே இருக்கிறது, எதிலிருந்து விலகி நிற்கிறீர்கள் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் ஓடும்.

வீட்டிலும் அப்படித்தான். கணவன் ரெஜிஸ் திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் தகடுகளின் வெல்டிங்கைச் சோதிக்கும் பொறியாளன். "நான் இரும்பு, நீ சளி. பொருத்தம் பாத்துதான் கட்டி வச்சிருக்காங்க" என்பான். அவளுக்குத் தனி சோப்பு, தனித் துண்டு. மாமியார் லூர்துராணி வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டாள். பெலிண்டா கழுவிவைத்த தட்டை எடுத்து இன்னொரு முறை கழுவிவிட்டுச் சோறு போட்டுக்கொள்வாள். பெலிண்டாவுக்கு அதில் கோபம் வந்ததில்லை. அருவருப்பு என்பது தெரியாதவர்களுக்கு வருவது, தெரிந்துகொண்டால் போய்விடும் என்று நம்பினாள்.

அந்த நம்பிக்கை போன அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, தென்னூரில் ஒரு கறிக்கடையின் பின்கட்டில் முடிந்துபோனது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ரியோமீட்டர் என்று ஒரு கருவி. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டை வைத்து மெல்லத் திருகினால், அது எவ்வளவு தூரம் இணங்குகிறது, எந்த இடத்தில் எதிர்க்கிறது என்று சொல்லிவிடும். உலகத்தில் யார் அளந்தாலும் குடற்கோழை திருகத் திருக இளகிக்கொண்டே போகும். பெலிண்டாவின் கோழை மட்டும் ஓர் அளவுக்கு மேல் சட்டென்று இறுகிக்கொண்டது. ஆறு மடங்கு. ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் வகுளாபரணன், அவளோடு ஒரே காலத்தில் முனைவர் பட்டம் முடித்த கோட்பாட்டு இயற்பியலாளன், அந்த இறுக்கத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினான். அவ்வளவு அழகான சமன்பாடு. குடல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பூட்டு என்று இருவரும் அதற்குப் பெயர் கொடுத்தார்கள். கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. அதன்பின் அவள் எழுதிய பதினான்கு கட்டுரைகளும் அந்த ஒன்றிலிருந்து பிறந்தவை. ஜெர்மனியில் பேசக் கூப்பிட்டார்கள். கல்லூரி வாசலில் அவள் படம் போட்ட பதாகை ஒரு மாதம் தொங்கியது. அவளைப் பேராசிரியர் பதவிக்கு உயர்த்துவதற்கான தேர்வுக்குழு அந்த வார வெள்ளிக்கிழமை கூடவிருந்தது.

கடைசி மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு உறுத்தல் இர்பானா. மரக்கடைப் பக்கம் பழைய வீடு ஒன்றிலிருந்து வந்து சேர்ந்த ஆய்வு மாணவி. பேச்சு குறைவு, கை சுத்தம். வெப்பம் கூடினால் அந்தப் பூட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஆனால் முதல் பதினொரு மாதம் அவளுக்குப் பூட்டே விழவில்லை. தன் தெருக் கடையில் குடல் வாங்கிவந்தாள். அளந்தாள். இளகியது. மறுபடி அளந்தாள். மறுபடி இளகியது. பெலிண்டா அவளை எல்லோர் முன்னிலையிலும் திட்டினாள். கடைசியில், "நான் வாங்குற கடையிலேயே வாங்கு" என்று தென்னூர் பரக்கத் அலி கடைக்கு அனுப்பினாள். அடுத்த வாரமே பூட்டு விழுந்தது. பாத்தியா, என்றாள் பெலிண்டா. இர்பானா தலையசைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இர்பானாவின் தங்கைக்கு நிக்காஹ். அவள் விடுப்பு. தேர்வுக்குழுவின் முன் காட்ட ஒரு கடைசி வரைபடம் பாக்கியிருந்தது. பெலிண்டாவே கிளம்பினாள். எப்போதும் ஏழரைக்குத்தான் பொட்டலம் வாங்குவார்கள். ஒன்பது மணிக்கு வகுப்பு இருந்ததால் அவள் ஆறேகாலுக்கே போய் நின்றாள்.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. பரக்கத் அலி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அட, டீச்சரம்மா! நீங்களே வந்துட்டீங்களா? அந்தப் புள்ள வரலியா? இன்னும் ரெடியாகலியேம்மா."

"ரெடி பண்ண என்ன இருக்கு பாய்? அப்படியே சுருட்டிக் குடுங்க."

"அஞ்சே நிமிஷம். உள்ள வந்து உக்காருங்க. ஆரிஃபா! யாரு வந்துருக்கா பாரு!"

பின்கட்டில் அவர் மனைவி ஆரிஃபா ஒரு பலகைக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு நீல பக்கெட். அடியில் வெள்ளையாக வண்டல், மேலே தெளிந்த நீர். ஆரிஃபா குடலின் ஒரு நுனியை விரித்துப் பிடித்து, அந்தத் தெளிந்த நீரை ஒரு குவளையால் உள்ளே ஊற்றினாள். ரப்பர் குழாயை அலசுவது போல உயர்த்திப் பிடித்து, இரண்டு விரலால் மேலிருந்து கீழே உருவிவிட்டாள். மறுபடி ஊற்றினாள்.

பெலிண்டா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தண்ணி அது?"

"சுண்ணாம்புத் தெளிவும்மா. முந்தின நாளே கல்சுண்ணாம்பைக் கரைச்சு வச்சுருவேன். இதுல அலசினாத்தான் கவுச்சி போகும். அப்புறம் நல்ல தண்ணியில ஒருக்கா விட்டு எடுத்துருவேன்."

"எல்லாருக்கும் இப்படித்தான் குடுப்பீங்களா?"

ஆரிஃபா சிரித்தாள். "எல்லாருக்கும் யாரு செய்யிறது? வாங்கிட்டுப் போறவங்க அவங்க வீட்டுல அலசிக்குவாங்க. இது உங்களுக்குத் தனியா. ஒம்பது வருஷமா என் கையாலதான். வேற யாரையும் தொட விடுறதில்ல."

பெலிண்டா பரக்கத் அலியின் பக்கம் திரும்பினாள். "பாய், முதல் நாளே சொன்னேனே. தண்ணி கூடப் படக் கூடாது, எதுவும் போடக் கூடாது, வெட்டினது வெட்டினபடி வேணும்னு. நீங்களும் சரின்னீங்க. பட்டினி போட்ட ஆடு, குடல்ல ஒண்ணும் இருக்காதுன்னீங்க."

"சொன்னீங்கம்மா. இல்லேங்கல." அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. "நீங்க படிச்சவங்க, அடுத்தவனுக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு கூச்சப்பட்டுச் சொல்றீங்க. அதுக்காக? பொம்பளப்புள்ள, பஸ்ஸுல மடியில வச்சுத் தூக்கிட்டுப் போறீங்க. காலேஜுக்குப் போற சாமான். சாணியும் வாடையுமா குடுத்தா எனக்கு மரியாதையா இருக்குமா? அதான் நான் வாயத் தொறக்கல. இவ பாட்டுக்குச் செஞ்சுக்கிட்டு இருக்கா."

"உங்க இர்பானாவும் இப்படித்தான் வந்து நின்னுச்சு," என்றாள் ஆரிஃபா. "பெருநாள் முடிஞ்ச வாரம். என்னா பெரிம்மா இதுன்னு கேட்டுச்சு. சொன்னேன். ரொம்ப நேரம் பக்கெட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஏன்மா, நான் செய்யிறது எதுவும் கோளாறா?"

அவள் கைகளை முந்தானையில் துடைத்தாள். அப்போதுதான் பெலிண்டா அந்த விரல்களைப் பார்த்தாள். நுனிகள் வெளிறி, தோல் வெடித்து, பழைய செருப்பின் ஓரம் போல உரிந்திருந்தன. ஒன்பது ஆண்டுச் சுண்ணாம்பு. அவளுக்காக.

வயிற்றுக்குள் ஏதோ புரண்டு மேலேறியது. அது என்னவென்று அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டு, "ஒண்ணும் இல்லங்க, ஒண்ணும் இல்ல" என்றாள். குடலைப் பார்த்தும் பக்கெட்டைப் பார்த்தும் வந்த குமட்டல் அல்ல அது. ஜெர்மனியில் ஒரு பெரிய கூடத்தில், நீலச் சேலை கட்டிக்கொண்டு, "உயிர் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது" என்று அவள் சொன்ன குரல் அந்த இடத்தில் அப்படியே கேட்டது. அந்தக் குரலைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டாள். அலசியது ஒன்று, அலசாதது ஒன்று. ஆரிஃபா கொடுத்த தேநீரில் ஒரு வாய்தான் இறங்கியது.

பி.எஸ்சி. மாணவர்களின் வேதியியல் கூடத்திலிருந்து லிட்மஸ் தாள் ஒரு கட்டு வாங்கி வந்தாள். சிவப்புத் தாளை அலசிய கோழையில் தொட்டாள். நீலமானது. அலசாததில் தொட்டாள். சிவப்பாகவே இருந்தது. பிறகு இரண்டையும் கருவியில் வைத்துத் திருகினாள். ஒன்று இறுகியது. மற்றது, உலகத்தில் எல்லோருடைய கோழையையும் போல, இளகிப்போனது. பூட்டு குடலில் இல்லை, சுண்ணாம்பில் இருந்தது. எல்லாமாகச் சேர்த்து ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை செய்துவிடும் சோதனை. ஒன்பது ஆண்டில் ஒரு நாள்கூட ஏன் செய்யவில்லை என்று தன்னையே கேட்டாள். பதில் ஒளிந்துகொள்ளவில்லை. எண் அழகாக இருந்தது. தனக்குப் பிடித்த எண்ணை யார்தான் நோண்டுவார்கள்? இதே எண் பிடிக்காததாக வந்திருந்தால் முதல் வாரமே லிட்மஸ் தாளைத் தேடியிருப்பாள்.

மறுநாள் மாலை சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தாள். வகுளாபரணனுக்கு அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளம். அவன் கதவைத் திறந்து, "வா பெலிண்டா. ஆத்துல எல்லாரும் பெருமாளைச் சேவிக்கப் போயிருக்கா. காபி நானே கலக்கறேன்" என்றான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டபராவைக் கீழே வைத்துவிட்டான்.

"சுண்ணாம்பா? வெத்தலைக்குப் போடறோமே, அந்தச் சுண்ணாம்பா?"

"அதேதான்."

அவன் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் ஜன்னலைப் பார்த்து யோசித்தான். "கால்சியம். ஆமா. கோழையோட மூலக்கூறெல்லாம் நீளச் சங்கிலிதானே, ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்துப் பிடிச்சுக்கும். அப்போ என் சமன்பாட்டுல தப்பே இல்லை, பார்த்தியா? பூட்டு விழறது வாஸ்தவம். எதுனால விழறதுங்கறதுதான் மாறிப்போச்சு."

"மாறிப்போச்சா? நாம எழுதினதுல ஒரு வரி நிஜம் இல்ல, வகுளா."

"ஏன் மூஞ்சியை அப்படி வச்சுண்டிருக்கே? இதுல என்ன அபசாரம் பண்ணிட்டோம்? பெருமாள் வழி காட்டியிருக்கார்னு எடுத்துக்கோயேன். கோழையும் கால்சியமும்னு புதுசா ஒரு பேப்பர் போடுவோம். பழசைத் தொட வேண்டாம். யாரும் ரெண்டையும் சேர்த்து வச்சுப் படிக்கப் போறதில்லை. பத்து வருஷத்துல அது தானா மறந்துபோயிடும்."

"அது பொய் இல்லையா?"

"பொய் இல்லை. பூர்த்தியாகலை." பிறகு சொன்னான்: "நான் அப்பவே கேட்டேன். சாம்பிள்ல ஏதாவது உப்பு கிப்பு சேர்ந்திருக்குமோன்னு. நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'கறிக்கடை இருக்கிற தெருப்பக்கமே வராதவங்க சாம்பிளைப் பத்திப் பேசக் கூடாது' என்று சொல்லியிருந்தாள். அவன் முகம் சிவந்து, அதோடு விட்டுவிட்டான். அன்று அவளுக்கு அது வெற்றி.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோழையும் கால்சியமும். அலசியது, அலசாதது, இடையில் பல அடர்த்திகளில் சுண்ணாம்பு நீர். முதல் படம் இது. இரண்டாவது படத்துக்கு வெப்பம். எந்த இதழுக்கு அனுப்பலாம்? பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி இறங்குவதற்குள் அவள் மனத்தில் மூன்று படங்களும் ஒரு தலைப்பும் தயாராகிவிட்டிருந்தன. நன்றாகவே இருந்தன. அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. ஒரு பொய்யை வைத்து ஒன்பது ஆண்டு வாழ்ந்தாயிற்று, இப்போது அதைத் தோலுரித்து இன்னொரு பத்து ஆண்டுக்குச் சமைக்கிறது இந்தப் புத்தி. யாரும் தூண்டாமல், தானாகவே. எச்சில் கசந்தது. தன் உடம்புக்குள் இருக்கும் எதையும் பார்த்து அருவருக்காதவள், தன் மண்டைக்குள் இருப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லாமல் நின்றாள்.

வீட்டில் ரெஜிஸிடம் சொன்னபோது அவன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க ஷாப்ல வெல்டு தப்புன்னா சாக்பீஸால வட்டம் போட்டுட்டு, வெட்டி எடுத்துட்டு, திரும்பப் போடுவோம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் ப்ரொமோஷன் போயிருமா?" என்று கேட்டான். போய்விடும் என்றாள். சரி, என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

வியாழக்கிழமை இர்பானா வந்தாள். கையில் மருதாணி முழங்கை வரை ஏறியிருந்தது. கல்யாணப் பலகாரம் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். பெலிண்டா டப்பாவை வாங்கவில்லை.

"சுண்ணாம்பு உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

இர்பானா டப்பாவை மேசைமேல் வைத்தாள். பயப்பட்டதாகத் தெரியவில்லை. எப்போதோ வரவேண்டியது வந்துவிட்டது என்பது போல நாற்காலியை இழுத்து, கேட்காமலே உட்கார்ந்தாள். மூன்று ஆண்டில் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"ஆறு மாசமா மேம்."

"ஆறு மாசமா என்னை முட்டாளாக்கிக்கிட்டு இருந்திருக்கே."

"நான் எழுதித்தானே மேம் வச்சேன்."

அவள் தன் ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து விரித்தாள். ஏப்ரல் மாதம். ஒவ்வொரு பக்கமும் இரண்டாகக் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. இடப்பக்கம் 'ஆரிஃபா பெரிம்மா அலசியது', வலப்பக்கம் 'அலசாதது'. இரண்டின் கீழும் அளவுகள். இரண்டின் கீழும் ஒட்டப்பட்ட லிட்மஸ் துண்டுகள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வழிகாட்டியின் கையெழுத்து. பெலிண்டாவின் கையெழுத்து. இருபத்து மூன்று பக்கம். எதையும் அவள் படித்திருக்கவில்லை. சனிக்கிழமைகளில் போனில் பேசிக்கொண்டே பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டது.

"வாயால சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன் மேம். பொருள்ல ஏதோ இருக்குன்னேன். 'பொருள்ல ஒண்ணும் இல்ல, உன் கைலதான் இருக்கு'ன்னீங்க. சீனியர் பிரவீன்ராஜ் அண்ணன், லேப்ல எல்லாரும் இருந்தாங்க. 'ஒத்து வர்றதைப் போடு, ஒத்து வராதது உன் கைப்பிழை'ன்னீங்க. நான் கிராஃப்ல ஒத்து வர்றதைப் போட்டேன், நோட்டுல ரெண்டையும் எழுதினேன்." அவள் மருதாணிக் கைகளை மேசைமேல் விரித்தாள். "பதினோரு மாசம் மேம். நான் சரியா அளந்திருக்கேன். என் கைதான் சரியில்லன்னு நம்பி, பாத்திரம் தேய்க்கிறப்பக்கூட என் கையையே பாத்துக்கிட்டு இருப்பேன். எங்க அம்மா, உனக்குக் கை நடுங்குதா, டாக்டர்ட்ட காட்டவான்னு கேட்டாங்க."

மன்னிச்சுரு என்ற சொல் பெலிண்டாவின் நாக்கு வரை வந்தது. அதிலும் தன் ருசி ஒட்டியிருக்கிறதோ, தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தான் அதைச் சொல்லப் பார்க்கிறோமோ என்று தோன்றி நின்றுவிட்டது.

"உன் தீசிஸ்ல இந்த ரெண்டு பக்கமும் அப்படியே போகும்," என்றாள் கடைசியில். "நான் இன்னிக்கே ஜர்னலுக்கு எழுதுறேன். பழைய பேப்பரைத் திரும்ப எடுத்துக்கறேன்."

இர்பானா குறிப்பேட்டை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மாலைக்குள் கடிதம் போயிற்று. வகுளாபரணன் போனில் நெடுநேரம் வாதாடிவிட்டு, "என் பேரையும் போட்டுக்கோ. ஆனா கணிதத்துல பிழை இல்லைன்னு ஒரு வரி சேர்த்துடு" என்றான். சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த இரண்டு நிபுணர்கள், முதல்வர், இன்னாசிராஜ். முந்திரி பக்கோடா, பேப்பர் கப்பில் காபி. நிபுணர்களில் மூத்தவர் கோப்பைப் புரட்டி, "உங்க முக்கியமான கண்டுபிடிப்பைச் சுருக்கமா சொல்லுங்க மேடம்" என்றார்.

"என் முக்கியமான கண்டுபிடிப்பு தப்பு சார்," என்றாள் பெலிண்டா. எழுதிக்கொண்டு போனதை வாசிக்காமல் நேராகவே சொன்னாள். கடை, பக்கெட், சுண்ணாம்பு, லிட்மஸ், நேற்று அனுப்பிய கடிதம். அதன் மேல் எழுந்த பதினான்கு கட்டுரைகளின் கதி. அதை நிரூபித்த மாணவியின் பெயர். சொல்லி முடித்தபோது மூன்று நாட்களாக நெஞ்சில் நின்றது கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

அறையில் யாரும் அதிர்ச்சியடையவில்லை. மூத்தவர் ஒரு பக்கோடாவை வாயில் போட்டுக்கொண்டார். இளையவர் கோப்பில் ஏதோ தேதியைத் தேடினார்.

"விண்ணப்பம் போட்ட அன்னிக்கு இந்தப் பேப்பர் இருந்துச்சில்ல?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. ஆனா அது..."

"அப்போ கணக்குல வரும். விதி அப்படித்தான் சொல்லுது. திரும்பப் பெற்ற பேப்பரைக் கழிக்கணும்னு எங்கயும் இல்ல."

"சார், அது பொய்ன்னு சொல்றேன்."

இன்னாசிராஜ் சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்தார். "பெலிண்டா எப்பவுமே இப்படித்தான் சார். ரொம்ப நேர்மை. அவங்க அடக்கத்துக்கே இந்தப் போஸ்ட் குடுக்கலாம்." பிறகு அவளிடம், குரலைத் தாழ்த்தாமலே: "கறிக்கடை விவகாரத்தை எல்லாம் மினிட்ஸ்ல ஏத்த வேண்டாம், என்ன? நல்ல நாளும் அதுவுமா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் துளியும் விஷம் இல்லை. அவர்கள் அவளைக் காப்பாற்றவில்லை, மன்னிக்கவுமில்லை. அவள் சொன்னது அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒன்பது ஆண்டாகத் தான் எதைச் சொன்னாலும் இந்த மேசையில் இப்படித்தான் விழுந்திருக்கும் என்பது அவளுக்கு விளங்கியது. நிஜமாக இருந்திருந்தாலும் பக்கோடா இதே வேகத்தில்தான் காலியாகியிருக்கும். எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து, கைகழுவும் இடத்தில் குனிந்து, காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியையும் வெளியே தள்ளினாள்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. பேராசிரியர். பதவியை வேண்டாமென்று எழுதிக்கொடுக்கலாம் என்று ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். வேண்டாமென்று எழுதினாலும் அதையும் அவளுடைய அடக்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்ததால் பேனா நகரவில்லை. அல்லது அதுவும் ஒரு சாக்குதானோ? அதற்கு மேல் தன்னைத் தோண்ட அவளுக்கு அன்று தெம்பில்லை.

கதவு தட்டப்பட்டது. இர்பானா.

"வாழ்த்துகள் மேம்," என்றாள். ஏளனம் இல்லை. கையிலிருந்த படிவத்தை மேசைமேல் வைத்தாள். ஆய்வு வழிகாட்டியை மாற்றக் கோரும் விண்ணப்பம்.

பெலிண்டா அதை இரண்டு முறை படித்தாள். "இன்னும் நாலு மாசத்துல தீசிஸ் குடுக்கலாம் நீ. மாத்தினா ஒரு வருஷம் கூடப் போகும், தெரியுமில்ல?"

"தெரியும் மேம்."

"நான்தான் ஒத்துக்கிட்டேனே. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். உன் பேரையும் சொன்னேன்."

"அதுக்கு நன்றி மேம்." இர்பானா தரையைப் பார்த்தாள். மருதாணி விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. "ஆனா நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்குது. இப்ப நிஜமாவே நடுங்குது. என்னால அளக்க முடியல."

காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தது.

"இது இல்லையே காரணம்," என்றாள் பெலிண்டா. "இதை அடி. நடந்ததை எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

இர்பானா முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது போல.

"நடந்ததை எழுதினா இந்தக் காலேஜ்ல யார் மேம் என்னை அடுத்து எடுப்பாங்க?"

பெலிண்டா பேனாவைத் திறந்தாள். யாரும் எடுக்க மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். இப்படி வாயைத் திறந்த ஒருத்தி தன்னிடம் வந்திருந்தால், பெலிண்டாவும் எடுத்திருக்க மாட்டாள். மேல் அண்ணத்தில் பழைய கசப்பு வந்து நின்றது. 'சொந்தக் காரணம்' என்ற இரண்டு சொற்களுக்குக் கீழே, மேலே எழுதியுள்ளவை உண்மை எனச் சான்றளிக்கிறேன் என்று அச்சிட்டிருந்த இடத்தில், புதுப் பதவியின் பெயரையும் சேர்த்து முழுக் கையெழுத்துப் போட்டாள்.

இர்பானா தாளை எடுத்து, மை காயட்டும் என்று இரண்டு முறை ஊதிவிட்டு, "வரேன் மேம்" என்று சொல்லிப் போனாள்.